பட்டம் வருவாய் தருமா?
பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பயில ஒரு பாடம்

(ஓய்வுபெற்ற ஆசிரியை, வன்னியம்பட்டி)

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அருகமைந்த வன்னியம்பட்டியில் நாம் குடியிருந்து வருகிறோம். வந்தவாசிப் பகுதியில் நம் சமுதாயத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, கணவரின் நூற்பாலைப் பணி காரணமாக இத்தென்பகுதிக்கு வந்து, இங்கேயே ஆசிரியப் பணியாற்றி, இங்கேயே தங்கிவிட்டோம். காலை ஏழு மணிக்கு எம் தெருமுனையில் நின்றால் அன்றாடம் ஒரு காட்சியைக் காணலாம். புத்தகப் பையுடன் சில பிள்ளைகள் கல்லூரிப் பேருந்துக்காகக் காத்திருப்பர். சோற்றுத் தூக்குடன் வேறு சிலர் ஆலை வண்டிக்காகக் காத்திருப்பர். இரு சாராரும் ஒரே பள்ளியில், ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்களே. இருபது ஆண்டுகள் கழிந்தபின் இவர்களுள் யார் நலமாக வாழ்வர் என்னும் எண்ணம் அப்பிள்ளைகளைக் காணுந்தோறும் நமக்கு எழுவதுண்டு.

சென்ற ஆண்டு மேனிலைத் தேர்வு முடிவு வெளிவந்த வாரத்தில், ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். அவர் நம்மிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர். "டீச்சர், வீட்டுல இருக்கிற நகையை வச்சு இவனை இன்ஜினியரிங்ல சேர்த்துரலாம்னு இருக்கேன். படிச்சு முடிச்சா வேலை கிடைச்சிருமா?" என்று கேட்டார். மகனோ வாய் திறவாமல் நின்றான். பக்கத்து வீட்டில் பொறியியல் முடித்த இளைஞர் ஒருவர் இரண்டாண்டுகளாக வேலையின்றி இருப்பதை இருவரும் அறிவர். அதே தெருவில் பத்தாம் வகுப்போடு நின்று, சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளை வைத்துப் பிழைக்கும் ஒருவர் மாடி வீடு கட்டியிருப்பதையும் அறிவர். ஆகவே அவர் வினாவில் நம்பிக்கையும் அச்சமும் கலந்திருந்தன. உடனே விடை கூற நமக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வருமாறு கூறினோம். அந்த ஒரு வாரத்தில் எண்ணியும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு பாடமாகத் தருகிறோம்.

1. வினாவைப் பிரித்தல்

கணக்குப் பாடத்தில் ஒரு பெரிய வினா வந்தால், அதனைச் சிறு வினாக்களாகப் பிரிக்குமாறு மாணவர்க்குக் கற்பிப்போம். இங்கும் அவ்வாறே செய்வோம். பட்டம் பயன்படுமா என்னும் ஒரு வினாவுக்குள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. பட்டம் வேலை பெற்றுத் தருமா என்பது முதலாவது. பட்டம் பெற்றவர் பெறாதவரைவிட மிகுதியாகப் பொருள் ஈட்டுவாரா என்பது இரண்டாவது. அம்மிகுதி, பட்டத்திற்காக நாம் இழந்த பணத்தையும் ஆண்டுகளையும் ஈடு செய்யுமா என்பது மூன்றாவது. பெற்றோர் பெரும்பாலும் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றனர். வீட்டைத் தாங்குவதும் வீழ்த்துவதும் மூன்றாவது வினாவே ஆகும்.

2. உயர்ந்துகொண்டே வரும் வாசற்படி

முதலில் எம் வாழ்விலிருந்தே ஒரு சான்று கூறுவோம். நாம் 1967-இல் பள்ளியிறுதித் தேர்வில் தேறினோம். அக்காலத்தில் பதினோராம் வகுப்பே பள்ளியிறுதி. அதன்பின் இரண்டாண்டு ஆசிரியப் பயிற்சி பெற்று, 1970-இல் பணியில் சேர்ந்து, 2009-இல் ஓய்வு பெற்றோம். கல்லூரியின் வாயிலை மாணவியாக நாம் மிதித்ததே இல்லை. ஆயினும் முப்பத்தொன்பது ஆண்டுகள் மதிப்புடன் பணியாற்றினோம். இன்றும் ஓய்வூதியம் பெற்று எவர் கையையும் எதிர்பாராமல் வாழ்கிறோம். ஆகவே பட்டமின்றி வாழ இயலாது என்று நாம் கூறினால் எம் வாழ்வே அதனை மறுத்துவிடும்.

எனினும் கதையின் மறுபாதியையும் கூறுதல் கடமை. 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி எம் போன்ற ஆசிரியர்க்கு ஒரு வாய்ப்பாக வந்தது. நாமும் உடன் பணியாற்றிய ஒரு தோழியும் ஒரே நாளில் விண்ணப்பப் படிவம் வாங்கினோம். அவர் நிரப்பி அனுப்பினார். எம் இடுப்பில் அப்போது கைக்குழந்தை. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று படிவத்தை இரும்புப் பெட்டியின் அடியில் வைத்தோம். அந்த அடுத்த ஆண்டு வரவே இல்லை. தோழி இளங்கலை முடித்தார். பின்னர்க் கல்வியியல் பட்டமும் பெற்றார். உயர்கல்வித் தகுதிக்குரிய ஊக்க ஊதியம் அவருக்குக் கிடைத்தது. நடுநிலைப்பள்ளித் தலைமைப் பொறுப்புக்குப் பட்டம் வேண்டப்பட்டதால், அப்பொறுப்பும் அவரையே அடைந்தது. எம் பணிக்காலத்தின் இறுதி ஆண்டுகள் சிலவற்றில் அவருக்குக் கீழேயே பணியாற்றினோம். வகுப்பறையில் எம்மினும் தாம் மேம்பட்டவர் என்று அவர் ஒருநாளும் கூறியதில்லை. எமக்கும் பொறாமை இல்லை. ஆயினும் ஓய்வூதியக் கணக்கைக் கையில் வாங்கிய நாளில், பெட்டியடியில் கிடந்த அந்தப் படிவத்தை நினைத்துக்கொண்டோம்.

இன்று எம் போன்றோர் அதே வழியில் பணியில் சேர இயலுமா? தமிழகத்தில் 1978-இல் மேனிலைக் கல்வி முறை வந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியப் பயிற்சிக்கு மேனிலைத் தேர்ச்சி வேண்டும் என்னும் நிலை பின்னர் ஏற்பட்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறிய பின், பயிற்சி முடித்தவரும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றாயிற்று. அத்தேர்வு தமிழகத்தில் முதன்முதலாக நடைபெற்றது 2012 ஜூலையில். எமக்குத் திறந்திருந்த அதே கதவின் வாசற்படி எம் வாழ்நாளிலேயே இருமுறை உயர்ந்துவிட்டது.

மற்றொரு சான்றும் காண்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. 2022-இல் அத்தேர்வு வழியாக நிரப்ப அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவரோ ஏறத்தாழ 22 இலட்சம் பேர். அவர்களுள் பட்டதாரிகளும் பொறியியல் முடித்தவர்களும் மிகப் பலர். பத்தாம் வகுப்பு மட்டும் படித்த பிள்ளை அத்தேர்வை எழுதலாம். ஆனால் பட்டம் படித்தவரோடு போட்டியிட வேண்டும். பட்டம் பெற்றவர் பெருகப் பெருக, பட்டம் கேளாத வேலையையும் பட்டதாரியே பெறுகிறார். பட்டத்தின் விலை இதனால் குறைகிறது. பட்டம் இல்லாமையின் இழப்போ இதனாலேயே கூடுகிறது. பெற்றோர் உள்ளத்தைக் குழப்பும் முரண் இதுவே.

3. பட்டமின்றி உயர்ந்தோர்

"காமராசர் எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று கேட்டு வாதத்தை முடித்துவிடுவோர் எம் மாவட்டத்தில் பலர். அவர் விருதுநகரில் 1903-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1954 முதல் 1963 வரை தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கியவர் என்பவை யாவரும் அறிந்தவை. ஆனால் அம்முதலமைச்சர் செய்தது என்ன? ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பசித்த வயிற்றுடன் பிள்ளைகள் படிக்க இயலாது என்று மதிய உணவு அளித்தார். தாம் படிக்காமலே உயர்ந்ததால் பிறரும் அவ்வாறே உயரட்டும் என்று அவர் இருந்துவிடவில்லை. படிப்பின்மையின் துன்பத்தை அறிந்தவரே படிப்புக்கு அவ்வளவு பொருளைச் செலவிட இயலும்.

அடுத்துச் சிவகாசியைக் காண்போம். மழை குறைந்த அவ்வூரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்றனர். தீப்பெட்டி செய்யும் தொழிலை அங்கே மாதக்கணக்கில் தங்கிக் கற்றனர். ஊர் திரும்பி 1923-இல் தொழில் தொடங்கினர். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், தீப்பெட்டி ஒட்டுத்தாளிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்து, சிவகாசியின் பெயர் நாடெங்கும் பரவியது. அவர்கள் கல்கத்தாவுக்குச் சென்றது எந்தப் பட்டத்தையும் நாடி அன்று என்பது உண்மையே. ஆனால் கல்லாமலா வென்றனர்? மொழி தெரியாத ஊரில், பிறர் தொழிலகத்தில், கீழிருந்து ஒவ்வொன்றாகக் கற்றனர். அதுவும் ஒரு கல்வியே, கடினமான கல்வியே.

பின்னர் நிகழ்ந்ததையும் நோக்குக. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இல் தோன்றியது. அதே ஊரில் ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-இல் தோன்றியது. தொழிலால் செல்வம் ஈட்டியோர் அச்செல்வத்தைக் கொண்டு கல்லூரிகளை எழுப்பினர். பட்டம் வீண் என்று அவர்கள் கருதியிருப்பின் இவை தோன்றியிருக்குமா?

இராஜபாளையத்தின் வரலாறும் ஒரு செய்தி கூறுகிறது. அவ்வூரில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் 1930-களில் நூற்பாலை தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய தொழில்நுட்பப் பயிலகம் 1963-இல் ஏற்பட்டது. இராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி அதற்குப் பத்தாண்டு பிற்பட்டு, 1973-இல் ஏற்பட்டது. ஆலைகள் நிறைந்த ஊருக்கு எந்திரம் அறிந்த கைகளே முதலில் தேவைப்பட்டன போலும்! ஓர் ஊரின் தொழில் எத்தகையதோ, அதற்கேற்பவே அங்குக் கல்வியின் விலையும் அமையும்.

தொழில் இருக்கிறது என்று படிப்பை இளமையில் விடுத்தவர் யாவரும் உயர்ந்தனரா? அந்த ஏட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். 1970-களிலும் 1980-களிலும் இப்பகுதிச் சிற்றூர்களில் தீப்பெட்டி ஒட்டச் சென்ற பிள்ளைகளால் எம் வகுப்பில் பலகைகள் வெறுமையாகக் கிடந்தன. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இராது. அக்குழந்தைகளும் இளமையிலேயே பொருள் ஈட்டியவர்களே. ஆனால் பத்து வயதில் பெற்ற கூலிக்கும் நாற்பது வயதில் பெற்ற கூலிக்கும் பெரிய வேறுபாடு அவர்களுக்கு இல்லை. சிவகாசிச் சிறார் உழைப்பைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பட்டமின்றி வென்ற ஒருவர் பெயர் ஊரெங்கும் தெரியும். பட்டமின்றித் தேங்கிய நூறு பேரின் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். ஒருவரை மட்டும் எண்ணி முடிவு செய்தல் கணக்காகாது.

4. எண்கள் கூறுவன

இனி நாடு தழுவிய கணக்குகளைக் காண்போம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இந்திய வேலைவாய்ப்பைப் பற்றி 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி 2022-இல் இந்திய இளைஞர்களுள் பட்டம் பெற்றோரிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்க அறியாத இளைஞரிடையே அது 3.4 சதவீதம் மட்டுமே. இவ்விரண்டு எண்களைக் கண்டவுடன், படித்தவனுக்கே வேலை இல்லை, படியாதவனுக்கு வேலை உண்டு என்று பலர் கூறத் தொடங்கினர்.

இவ்விடத்தில் ஆசிரியர் ஒருவர் குறுக்கிட்டு, வேலையின்மை என்னும் சொல்லின் பொருளை விளக்குதல் வேண்டும். வேலை தேடியும் கிடைக்காதவரே இக்கணக்கில் வேலையற்றவர். எழுத்தறியாத ஏழை இளைஞன் ஒருநாள் சும்மா இருந்தால் மறுநாள் அடுப்பு எரியாது. ஆகவே கிடைத்த கூலிக்குக் கிடைத்த வேலையைச் செய்கிறான். பட்டம் பெற்றவனோ பெற்றோர் உணவளிக்கும் வரை தனக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறான். முன்னவனுக்கு வேலை உண்டு என்பதால் நல்ல வருவாய் உண்டு என்று ஆகாது. பின்னவன் காத்திருக்கிறான் என்பதால் வாழ்நாள் முழுதும் காத்திருப்பான் என்றும் ஆகாது. நடுவண் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2022-23-இல், 15 வயதுக்கு மேற்பட்ட பட்டதாரிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் வேலையின்மை 13.4 சதவீதமாக இருந்தது. இளையோர் எண்ணையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வயது ஏறுந்தோறும் காத்திருப்பு குறைவதை உய்த்துணரலாம். ஆயினும் அக்காத்திருப்புக்கும் செலவு உண்டு என்பதைப் பெற்றோர் மறத்தல் ஆகாது.

வருவாயைப் பற்றிய கணக்கு வேறு. பல நாடுகளின் புள்ளிகளைத் தொகுத்து ஆராய்ந்த உலக வங்கி ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஓராண்டுக் கல்வி கூடுதலாகப் பெற்றால் ஒருவரது வருவாய் சராசரியாக ஏறத்தாழ 9 சதவீதம் உயர்வதாக அது காட்டுகிறது. ஆனால் சராசரி என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்குக. மாவட்டத்தின் சராசரி மழையளவு, நம் ஊர்க் கண்மாய் நிறைந்ததா என்பதைக் கூறாது. அவ்வாறே சராசரி வருவாய், நம் பிள்ளை சேரப்போகும் கல்லூரியும் பாடப்பிரிவும் எத்தகையவை என்பதைக் கூறாது. மேலும் நெடுநாள் படிக்கும் பிள்ளைகளுள் பலர் முன்னரே வசதியும் வாய்ப்பும் உடைய வீட்டினர். அவர்தம் வருவாய் முழுவதும் படிப்பால் மட்டும் வந்தது எனல் இயலாது.

5. திறமையா? முத்திரையா?

பட்டம் ஏன் வருவாய் தருகிறது என்பதற்குப் பொருளியல் அறிஞர் இருவகை விளக்கம் தந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட நூலில், கல்வியை மனித மூலதனம் என்றார். படிப்பு ஒருவரின் திறமையை வளர்க்கிறது. திறமை மிக்கவர்க்கு ஊதியம் மிகுகிறது என்பது அவர் கருத்து. மைக்கேல் ஸ்பென்ஸ் என்பார் 1973-இல் வேறொன்று கூறினார். வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பித்தவரின் திறமை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பட்டத்தை ஓர் அடையாளமாகக் கொள்கிறார் என்பது அவர் விளக்கம். இருவருமே பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர். இரண்டிலும் உண்மை உண்டு.

இதனை எம் ஊர்ப் பொருள் கொண்டே விளக்கலாம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவில்லிபுத்தூரில் வாழ்பவருக்கு அக்குறியீடு தேவையில்லை. எந்தக் கடையில் பால் நன்கு சுண்டக் காய்ச்சப்படுகிறது என்பதை அவர் நாவே அறியும். சென்னையிலோ டில்லியிலோ வாங்குபவருக்கு அது தெரியாது. அவர் முத்திரையையே நோக்குவார். முத்திரை இருந்து சுவை இல்லையாயின், மறுமுறை வாங்கமாட்டார். சுவை இருந்து முத்திரை இல்லையாயின், முதன்முறையே வாங்காமல் போகலாம்.

பட்டமும் இத்தகையதே. தந்தையின் கடையிலோ உறவினரின் தொழிலகத்திலோ சேரும் பிள்ளையிடம் எவரும் பட்டத்தைக் கேட்பதில்லை. அவனை அனைவரும் அறிவர். முன்பின் அறியாத ஊரில், அறியாத நிறுவனத்தின் முன் நிற்கும் பிள்ளைக்கு, தன்னைப் பற்றிக் கூற ஒரு தாளைத் தவிர வேறு துணை இல்லை. ஆகவே தொழிலும் அறிமுகமும் உடைய வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் ஒரு வசதி. இவ்விரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு தேவை. "பெரிய முதலாளி மகனே படிக்கவில்லை" என்று எடுத்துக்காட்டுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். ஆனால் முத்திரை முதல்நாளுக்கு மட்டுமே துணை. இரண்டாம் நாள் முதல் திறமையே பேசும்.

6. ஒரு வீட்டுக் கணக்கு

அந்த ஆலைத் தொழிலாளிக்காக நாம் ஒரு தாளில் போட்ட கணக்கைக் கீழே தருகிறோம். இதிலுள்ள தொகைகள் யாவும் கணக்கின் பொருட்டு நாம் கொண்டவை. அவரவர் தம் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்க.

பையன் ஆலைக்குச் சென்றால் திங்கள்தோறும் 12,000 ரூபாய் பெறுவான் என்று கொள்வோம். நான்கு ஆண்டுகள் பொறியியல் படித்தால் 48 மாதக் கூலியாகிய 5,76,000 ரூபாயை இழக்கிறான். கட்டணமும் போக்குவரத்தும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் எனில், அது 4,00,000 ரூபாய். ஆக, பட்டத்தின் உண்மை விலை 9,76,000 ரூபாய். பெற்றோர் நான்கு இலட்சத்தை மட்டுமே எண்ணுகின்றனர். இழந்த கூலியை எவரும் எண்ணுவதில்லை.

பட்டத்தால் கிடைக்கும் வேலையில் ஆலைக் கூலியைவிட மாதம் 16,000 ரூபாய் மிகுதியாகக் கிடைத்தால், ஆண்டுக்கு 1,92,000. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் விலை மீண்டுவிடும். அதன்பின் வருவதெல்லாம் ஆதாயமே. மாதம் 8,000 மட்டும் மிகுந்தால் பத்தாண்டுகள் ஆகும். பட்டம் பெற்றும் அதே ஆலையில் அதே கூலிக்குச் சேர்ந்தால் விலை ஒருநாளும் மீளாது. நகையின் வட்டியையோ கல்விக் கடனின் வட்டியையோ இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் கொள்க.

இனி மற்றொரு வழி. மேனிலையில் கணக்கும் இயற்பியலும் படித்துத் தேறியவர் தொழில்நுட்பப் பயிலகத்தில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டாண்டில் பட்டயம் பெறலாம். இழக்கும் கூலி 2,88,000 ரூபாய். கட்டணம் ஆண்டுக்கு 30,000 என்று கொண்டால் மொத்த விலை 3,48,000. பட்டயத்தால் மாதம் 4,000 ரூபாய் மிகுந்தாலும் ஏழாண்டு மூன்று மாதத்தில் விலை மீளும். மேலும், பட்டயம் பெற்றவர் பின்னர்ப் பொறியியல் பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர் பட்டயத்திற்கும், பட்டயம் பெற்றவர் பட்டத்திற்கும் ஏறிச் செல்லலாம். படிகள் பல உடைய ஏணி இருக்கையில், ஒரே தாவலில் உச்சிக்கு எட்ட வேண்டும் என்று வீட்டு நகையை அடகு வைப்பானேன்?

கணக்கில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நான்காண்டு படித்துச் சில தாள்களில் தேறாமல், அரியர் வைத்து வீட்டில் அமர்ந்திருக்கும் பிள்ளை விலையை முழுதும் செலுத்திவிட்டான். பொருளை மட்டும் பெறவில்லை. முடிக்காத பட்டமே எல்லாப் பட்டங்களிலும் விலை மிக்கது. ஆகவே பிள்ளை முடிக்கக்கூடிய படிப்பையே தேர்க. அண்டை வீட்டார் மெச்சும் படிப்பு அதுவாக இராமல் போகலாம்.

7. பெண்மக்களின் கல்வி

நம் சமுதாயக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. மகனின் படிப்பு முதலீடு எனப்படும். மகளின் படிப்பு திருமண அழைப்பிதழில் அச்சிடுவதற்காக எனப்படும். முத்திரையைப் பற்றி மேலே கூறியதை இங்குப் பொருத்திப் பாருங்கள். அறிமுகம் இல்லாத ஊருக்குச் செல்பவர் எவரோ, அவருக்கே பட்டம் பெரிதும் துணையாகும். பிறந்த ஊரையும் தெரிந்த முகங்களையும் விடுத்து வேற்றூருக்கு வாழச் செல்பவள் பெண்ணே அன்றோ? வந்தவாசியில் பிறந்தவள் சென்னையிலோ பெங்களூரிலோ குடும்பம் நடத்துகிறாள். நிலத்தைத் தூக்கிக்கொண்டு செல்ல இயலாது. நகையை விற்க நேரலாம். படிப்பு அவளோடே செல்லும். கணவர்க்கு நோயோ வேலையிழப்போ நேர்ந்த நாளில் அது குடும்பத்தைத் தாங்கும். அவ்வாறு தாங்கிய மகளிரை நாம் நேரில் கண்டுள்ளோம். தாங்க இயலாமல் கலங்கியவர்களையும் கண்டுள்ளோம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்கள் உயர்கல்வி பெறும்போது மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. பட்டப் படிப்போடு பட்டயமும் தொழிற்பயிற்சியும் அதில் அடங்கியமை நோக்கத்தக்கது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இத்தகைய உதவிகளைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டறிதல் பெற்றோரின் முதற்கடமை.

8. சமுதாயத்தின் பங்கு

நம் முன்னோர் வகுத்த நான்கு தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. துறவியர் உறைவிடத்தைக் குறித்த பள்ளி என்னும் சொல்லே கல்விக்கூடத்தின் பெயராயிற்று. எம் ஊரிலிருந்து சென்று கண்டு வரக்கூடிய கழுகுமலையின் கல்வெட்டுகளில், குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்கள் இன்றும் காணப்படுகின்றன. அவர்கள் கல்வியை வருவாயால் அளந்தவர் அல்லர். நாமும் அதனை வருவாயால் மட்டும் அளத்தல் தகாது. ஆயினும் ஏழைப் பெற்றோரிடம் வருவாயைப் பற்றிப் பேசாமல் கல்வியின் பெருமையை மட்டும் பேசுதல் அறமாகாது. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையை, வீடுதோறும் பிடியரிசி எடுத்து அச்சமுதாயத்தார் நடத்தினர். ஊர்தோறும் நம் குடும்பங்கள் சிறு தொகை சேர்த்து, இரு பிள்ளைகளின் கட்டணத்தைச் செலுத்தினாலும் அது தானமே. கட்டணத்தோடு, படித்து வேலையில் இருப்போர் அப்பிள்ளைகளுக்குத் தம் அலுவலகத்தின் வழியைக் காட்டுவார்களாயின், அறிமுகம் இல்லாமை என்னும் குறையும் நீங்கும்.

9. பாடத்தின் முடிவு

ஒரு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் வந்தனர். கணக்குத் தாளை அவர்கள் முன் வைத்தோம். அன்றுதான் பையன் முதன்முறையாக வாய் திறந்தான். ஆலையில் பழுதான எந்திரத்தைச் சரிசெய்பவரின் வேலையே தனக்கு விருப்பம் என்றான். இதனை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. தந்தையார் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார். பின்னர் மகனைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் எந்திரவியல் பட்டயத்தில் சேர்த்தார். தாயின் நகை தாயிடமே இருக்கிறது. பையன் இப்போது தெருமுனையில் புத்தகப் பையுடன் நிற்கிறான். இம்முடிவு சிறந்ததா என்பதைக் காலமே கூறும். ஆனால் என்ன விலைக்கு எதனை வாங்குகிறோம் என்பதை அறிந்து எடுத்த முடிவு அது.

ஆகவே பட்டம் வருவாய் தருமா என்னும் வினாவுக்கு எம் விடை இதுவே: பட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே நடப்பதற்குத் திறமை வேண்டும். எந்தக் கதவு என்று அறியாமல் சாவி வாங்குதல் வீண். கதவு தெரிந்த பின்னும் சாவியை அடுத்த ஆண்டு வாங்கலாம் என்று தள்ளிப்போடுதல் அதனினும் வீண். இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு படிவத்தை வைத்தவர்கள் என்னும் உரிமையில் இதனைக் கூறுகிறோம்.

வீட்டில் கலந்து பேச ஐந்து வினாக்கள்

1. நம் பிள்ளை சேர விரும்பும் படிப்பு எந்தெந்த வேலைகளின் கதவைத் திறக்கிறது? அவ்வேலையில் இருக்கும் ஒருவரை நாம் நேரில் கண்டு கேட்டோமா?

2. அப்படிப்பின் முழு விலை என்ன? கட்டணம், போக்குவரத்து, வட்டி, இழந்த கூலி ஆகிய நான்கையும் கூட்டினோமா?

3. அக்கல்லூரியில் சென்ற ஆண்டு சேர்ந்தோருள் எத்தனை பேர் எல்லாத் தாள்களிலும் தேறினர்? வேலை பெற்றோர் எத்தனை பேர்?

4. பட்டத்தோடு நம் பிள்ளையின் கைக்கு வரும் திறமை யாது? பட்டத்தாளை மறைத்துவிட்டாலும் அவனால், அவளால் செய்து காட்டக்கூடியது என்ன?

5. மகனுக்குக் கேட்ட இவ்வினாக்களை மகளுக்கும் கேட்டோமா? பிள்ளையின் விருப்பத்தைப் பிள்ளையிடமே கேட்டோமா?

இவ்வைந்துக்கும் விடை எழுதிய தாளை, மேனிலைத் தேர்வு முடிவு வரும்முன்னரே எடுத்து வைத்துக்கொள்க. முடிவு வந்த வாரத்தில் எண்ணிப் பார்க்க எவருக்கும் நேரம் இருப்பதில்லை.